விட்டுப்போன வரி

மாலை நான்கு மணி வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வருடக்கணக்கில் வாங்கிச் சேர்த்த பாட்டு சிடிகளையும் பட சிடிகளையும் ஒவ்வொன்றாகச் சட்டை நுனியால் துடைத்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். மனைவி இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. இந்த வாரக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்க வேண்டும். அங்கே இந்த சிடி அலமாரிக்கு இடமில்லை. இப்போது உள்ளே சுற்றுவது மனைவி பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கும்போதே கீறல். மூன்றாவது பாட்டு நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டுத் தாவும். இருபது வருடமாக அவளும் அடுப்படியில் அதே இடத்தில் தாவித்தான் பாடினாள். கணினி அங்கே வந்து முக்கி முனகுகிறது. ஃபோனில் மகள், "ஒரு பாட்டுக்கா இவ்வளவு நேரம்? விட்டுடுங்கப்பா, நெட்ல நல்லதாவே கிடைக்கும்" என்கிறாள். "இருக்கட்டும்மா. எனக்கு இதுதான் வேணும்." ஒருவழியாக சிடி வெளியே வருகிறது. பாட்டை ஓடவிட்டு, அது தாவும் இடத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்கிறார். பாட்டு தாவவில்லை. கீறலுக்கு அடியில் கிடந்ததைக் கணினி எப்படியோ படித்துவிட்டிருக்கிறது. விட்டுப்போன வரி நிதானமாக, முழுசாக வருகிறது. "இங்க பாரு, இதுதான் அந்த வரி" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிவிடுகிறார். அங்கே கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள் மட்டும் இருக்கின்றன. அவள் கேட்டேயிராத ஒரு வரி இனி அவருக்கு மட்டும் தெரியும்.