புங்கமரத்தடிப் பிள்ளைகள்

பக்கத்து வீட்டு சைமா மண்தரையில உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அதுவரைக்கும் ஸ்கூல் எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு. லேப் பார்த்தேன், கம்ப்யூட்டர் ரூம் பார்த்தேன், கக்கூஸைக் கூட எட்டிப் பார்த்துட்டேன். பினாயில் போட்டுப் பளிச்சுன்னு இருந்துச்சு. இவ்ளோ பெரிய கவர்மென்ட் ஸ்கூலை இப்படி வெச்சிருக்காங்களேன்னு வாயைப் பொளந்துகிட்டே மைதானத்துக்கு வந்தா, புங்கமரத்தடியில ஒரு கும்பல் பொண்ணுங்க. ஒரு தார்ப்பாய், மரத்துல சாய்ச்சு வெச்ச ஒரு போர்டு. டீச்சர் கூட இல்ல. ஒரு பொண்ணே எழுந்து கணக்கு போட்டுக்கிட்டிருக்கு.

“பாத்தியா கோமளா, என் பொண்ணை!” சைனம்பு அக்காவுக்கு வாயெல்லாம் பல்லு.

பெத்த பொண்ணை வெயில்ல உட்கார வெச்சிருக்காங்க, இந்தம்மாவுக்குச் சிரிப்பு வேற!

சைனம்பு அக்கா எங்க பக்கத்து வீடு. “கவர்மென்ட் ஸ்கூலுன்னு மட்டமா நெனைக்காத கோமளா. திருமுல்லைவாயில்லருந்து கோவில்பதாகை வரைக்கும் எல்லாரும் இங்கதான் சீட்டுக்கு நிக்கறாங்க. பத்தாவது ரிசல்ட்டு சும்மா அள்ளுது”ன்னு சொல்லி எங்களை ஷேர் ஆட்டோவுல ஏத்திக்கினு வந்ததே அவங்கதான்.

என் பொண்ணு நிஷாவுக்குப் பத்தாவதுல சீட்டு வேணும். எல்.கே.ஜி.யிலேருந்து அவ படிச்ச தனியார் ஸ்கூல்ல ஒன்பதாவது ரிசல்ட் அன்னைக்கு என்னைத் தனியா கூப்பிட்டு, “டி.சி. வாங்கிக்கறதா இருந்தா பாஸ் போட்டுத் தர்றோம். இல்லேன்னா ஃபெயில்”னாங்க. அவ கணக்குல வீக். அவ பத்தாவது எழுதினா அவங்களோட நூறு சதவீதம் போயிடுமாம். பதினோரு வருஷமா ஃபீஸ் வாங்கும்போது மட்டும் அது தெரியல பாரு!

அப்படித்தான் என் பொண்ணை வெளிய அனுப்பினாங்க. அன்னைலருந்து புள்ள யார் மூஞ்சியையும் நிமிர்ந்து பாக்கறதில்ல.

இப்ப இங்கயும் அதே கதை. படிக்காத பிள்ளைங்களை மரத்தடிக்குத் தள்ளிட்டு, படிக்கறதுங்களை ஃபேனுக்கு அடியில வெச்சா ரிசல்ட்டு அள்ளாம என்ன பண்ணும்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இதுக்கு மேல சுத்திப் பாக்க என்ன இருக்கு?

“வா நிஷா, வீட்டுக்குப் போலாம்.”

“இன்னா கோமளா! ஹெச்.எம்.மைப் பாக்காமலே போறேன்ற?”

“எதுக்குக்கா? என் பொண்ணையும் மண்ணுல உட்கார வைக்கறதுக்கா?”

என் தொண்டை கொஞ்சம் பெருசு. சத்தம் கேட்டு ஒரு வகுப்பிலேருந்து ஹெச்.எம்.மே வெளிய வந்துட்டாங்க. கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

“கிளாஸ் நடக்குதில்ல? என்னம்மா சத்தம்?”

வந்தது வரட்டும்னு கொட்டிட்டேன். “மேடம், மறைக்காம சொல்லிடறேன். என் பொண்ணு கணக்குல வீக். உங்க ரிசல்ட்டுக்கு ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. சீட்டுக் குடுத்துட்டு, அப்புறம் இந்தப் பிள்ளைங்க மாதிரி வெளிய தள்ளாதீங்க. இதுங்களும் ஒருத்தி பெத்ததுங்கதானே? இதுங்களுக்கு ஃபேன் காத்து வேணாமா?”

மரத்தடியில குபீர்னு சிரிப்பு. சைமா வாயைப் பொத்திக்கிட்டா.

ஹெச்.எம். சிரிக்கல. நிஷா பக்கம் திரும்பினாங்க. “கணக்குல என்னம்மா புரியல?”

“எல்லாமே, மிஸ்.” தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

“அப்ப நீ உள்ள, முதல் பெஞ்சு. ஃபேனுக்கு நேர் கீழ. கணக்கு டீச்சர் கைக்கு எட்டற தூரத்துல.”

“வீக்கா இருந்தா உள்ளயா மேடம்?”னு கேட்டேன்.

“ஊர்ல பாதி இங்க வந்து சேருதும்மா. ரூம் பத்தல. புதுக் கட்டடம் முடியற வரைக்கும் ஒரு வகுப்பு வெளியதான் உட்காரணும். யாரை உட்கார வைக்கறது? எங்க உட்கார்ந்தாலும் படிக்கறதுங்களைத்தானே? பெஞ்சும் டீச்சரும் தடுமாறுற பிள்ளைக்குத்தான் முதல்ல வேணும்.”

சைமா எழுந்து ஓடி வந்தா. “ஆன்ட்டி, இது ஃபர்ஸ்ட் மார்க் செட்டு! ஒவ்வொரு பெரிய பரீட்சைக்கும் ஆளு மாறும். போன வருஷம் நான் உள்ளதான் இருந்தேன், சயின்ஸ் புரியாம அழுதுகினு. வெளிய வர்றதுக்குள்ள நாக்குத் தள்ளிடுச்சு.”

“அதான் பாத்தியா என் பொண்ணைன்னு கேட்டேன்!” சைனம்பு அக்கா துப்பட்டாவை இழுத்து விட்டுக்கிட்டாங்க. அப்பப்பா, அந்த மூஞ்சியில என்னா பெருமை!

எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஹெச்.எம்.மைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“கும்பிடறதெல்லாம் ரிசல்ட்டு வந்தப்புறம் பாத்துக்கலாம். டி.சி. கொண்டாந்தீங்களா? ஆபீஸ்ல குடுங்க”ன்னு சொல்லிட்டு அவங்க வகுப்புக்குள்ள போயிட்டாங்க.

சேர்த்துட்டுக் கிளம்பினோம். கேட்டுகிட்ட வந்ததும் நிஷா நின்னா. திரும்பி அந்த மரத்தடியையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா:

“அம்மா, அரையாண்டுக்குள்ள என்னை வெளிய அனுப்பிடுவாங்க பாரு!”