இரண்டாவது பட்டன்

"ஏம்மா, இது பிரஷர் பார்க்கிற மெஷினா, ஆளைக் கொல்ற மெஷினா?"

கேட்டபடியே மருந்துக்கடை மேசையில் மெஷினைத் தொப்பென்று வைத்தார் மோட்டார்காரர். பழைய மோட்டார்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர். தெருத் தெருவாக அலைந்து, வாயாலேயே முன்னுக்கு வந்தவர். அந்த வாய்க்குப் பயந்து, முன்னால் நின்ற இரண்டு பேர் தாமாக ஒதுங்கினார்கள்.

மருந்துக்கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ன குறை என்று கேட்டாள்.

சாயங்காலம் அவர் டாக்டரைப் பார்க்கப் போகவேண்டும். காலையில் அளந்தபோது நூற்று இருபத்தெட்டு. மனசு குளிர்ந்துபோய், பத்தரை மணிக்குப் பட்டறைக்குக் கிளம்பும்போது பழைய அளவுகளையும் பார்த்து வைப்போமே என்று இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கியிருக்கிறார். நூற்று எழுபத்தெட்டு, நூற்று எண்பத்திரண்டு, நூற்று எண்பத்தாறு என்று வரிசையாக வந்து நின்றதாம்.

"மூஞ்சிக்கு முன்னாடி ஒரு பேச்சு, முதுகுக்குப் பின்னாடி ஒரு பேச்சு. மனுஷன் பண்ணலாம், மெஷின் பண்ணலாமா? பார்த்த அரை மணி நேரத்துல ஓடி வந்துட்டேன். உடம்பு விஷயத்துல நான் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடமாட்டேன். மாத்திக் குடு."

"வாங்கி எட்டு மாசம் ஆச்சே அண்ணே. நீங்க வித்த மோட்டாரை எட்டு மாசம் கழிச்சுத் தூக்கிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எதிர்லயே ஓட்டிக் காட்டுவேன்."

"அப்ப கையை நீட்டுங்க."

கடை மெஷினில் நூற்று முப்பது. அவர் மெஷினில் நூற்று முப்பத்திரண்டு.

மோட்டார்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடுகிற சத்தத்தை வைத்தே மோட்டாரின் கோளாறைச் சொல்கிறவர். இந்தக் கையகலப் பெட்டி அவருக்குப் பிடி கொடுக்கமாட்டேன் என்றது.

அவள் மெஷினைத் தன் பக்கம் திருப்பி எதையோ அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். பிறகு அவரை ஏறிட்டாள்.

"இதுல ரெண்டு பட்டன் இருக்கு அண்ணே. ரெண்டு பேர் தனித்தனியா பார்த்துக்கலாம். ஒண்ணாவது பட்டன் நீங்க. எல்லாம் காலையில ஆறரை மணி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களைப் பயமுறுத்தின நம்பரெல்லாம் ரெண்டாவதுல இருக்கு. தினமும் பதினோரு மணி."

"பதினோரு மணிக்கு நான் பட்டறையில இருப்பேன்."

"வீட்ல யாரு?"

"அவ மட்டும்தான். அவளுக்கு எதுக்கு பிரஷர்? கல்லு மாதிரி இருப்பா. பிரஷர், நெஞ்சுவலியெல்லாம் எங்க வீட்ல ஆம்பளைங்க சொத்து. அவளுக்கு இருக்கிறது மறதி ஒண்ணுதான்."

என்ன மறதி என்று கடைக்காரம்மா கேட்டாள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெறும் டிபன் கேரியரை மூடிக் கொடுத்தனுப்பியதையும், பேத்தியை மகள் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும், தெருமுனை வரைக்கும் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பியதையும் எடுத்துவிட்டார். உன் மூளையைப் பழைய இரும்புக்குக்கூட எடுக்கமாட்டார்கள் என்று தினமும் சொல்வாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கவனிக்காமல் விட்ட பிரஷர் நெஞ்சோடு நிற்காது, நினைவையும் அரிக்கும் என்றாள். அதே பிரஷர் ஆணைவிடப் பெண்ணின் நினைவை அதிகம் பாதிக்கிறது என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். சில அப்படி இல்லை என்கின்றனவாம். மாதவிலக்கு நின்றபின் உடம்பு மாறுவதாலா, பெண்களுக்கு யாரும் நேரத்தோடு அளந்து பார்க்காததாலா என்பது படித்தவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லையாம்.

"அதெப்படிம்மா? ஒரே நம்பர் ஆளுக்கு ஆள் வேற வேலை செய்யுமா?"

"உங்க மோட்டாரெல்லாம் ஒரே கரண்ட்லதான் ஓடுது. எல்லாம் ஒரே மாதிரியா சூடாகுது?"

மோட்டார்காரர் மெஷினை இழுத்து, இரண்டாவது பட்டனைத் தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"சாயங்காலம் அண்ணியையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்த மறதி எதனாலன்னு நாமளா முடிவு கட்டக்கூடாது, அவர் பார்த்துச் சொல்லட்டும்."

மோட்டார்காரருக்கு எதன்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மெஷின்மேல் படமுடியாது. இந்த அம்மாமேலும் படமுடியாது. கடைசியில் கோபம் வீட்டுப் பக்கம் திரும்பியது. இத்தனை நாளும் கட்டின புருஷனிடம் மூடி மறைத்திருக்கிறாளே.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிதான். மணி பதினொன்று ஐந்து.

"என்னங்க, திட்டாதீங்க. பிரஷர் மெஷினை எங்கயோ வச்சுட்டேன். வீடு பூரா தேடிட்டேன், கிடைக்கலை."

"மெஷின் என்கிட்ட இருக்கு. அதை விடு. நூத்தி எண்பதுக்கு மேல காட்டுது உனக்கு. தினமும் பார்த்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"



"சொன்னேனே. பேத்தி பிறந்தநாள் அன்னிக்கு. மெஷின் கோளாறு, நாளைக்கே மாத்திட்டு வரேன்னீங்க. மாத்தியிருப்பீங்களோன்னுதான் தினமும் வச்சு வச்சுப் பார்த்தேன். ஆறு மாசம் ஆச்சு." அவள் குரல் குழம்பித் தணிந்தது. "நான் சொன்னேன்தானே? இல்லை, இதுவும் என் மறதியாங்க?"