இருபத்து நான்கு சொற்கள்

"நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

வெளியாள் ஒருவர் முன்னால் மனைவி மீனாட்சி இப்படிச் சொன்னதும் ராஜரத்தினத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் பின்னாலேயே கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் ஓசையும் கேட்டது.

உள்ளே அவளுடன் இருந்தவர் நதீம். திருவல்லிக்கேணியில் கணினி பழுதுபார்ப்பவர். கிரிப்டோ நாணயங்களைப் பாதுகாக்கும் வாலட் கருவி ஒன்று, பென்டிரைவ் அளவில், அந்த வீட்டில் இருந்தது. அதற்காகக் கணினியில் நிறுவிய செயலி செவ்வாய்க்கிழமையிலிருந்து திறக்க மறுத்ததால் அவரை வரவழைத்திருந்தார்கள்.

ராஜரத்தினம் பால்கனி நாற்காலியில் சாய்ந்தார். மந்தைவெளியின் பிற்பகல் அரைத்தூக்கத்தில் இருந்தது. எதிரே, மாடி உயரத்தில், பறக்கும் ரயில் ஒன்று மேகத்தின் மேல் போவதுபோல் வழுக்கிச் சென்றது.

"என்ன சார், வெளிய அனுப்பிட்டாங்களா?" பக்கத்து பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஸ்வர்ணலதா கேட்டாள்.

அவர் சிரித்து மழுப்பினார். பிறகு தாமாகவே சொல்லத் தொடங்கினார். செயலியைத் தேடிப் பிடித்து நிறுவியவர் அவரே. தேடியதும் முதலாவதாக வந்து நின்றதாம். திறந்தவுடன், வாலட்டுக்கே சாவி போன்ற மீட்புச் சொற்கள் இருபத்து நான்கையும் கேட்டதாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர் அவர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பியவர். பீரோவில் இருந்த தாளை எடுத்துவந்து, ஒன்றுகூட விடாமல் நிரப்பினாராம்.

"என்ன மாதிரி வார்த்தைங்க தெரியுமா? ரிவர், மூன், அம்ப்ரெல்லா... கனவுல யாரோ பேசற மாதிரி இருந்தது."

"இவ்வளவும் செஞ்ச உங்களையா வெளிய தள்ளினாங்க? காசுன்னு வந்துட்டா புருஷனும் மூணாம் மனுஷன்தான் போல."

அடுத்த வீட்டுத் தீர்ப்புகளுக்கு விசாரணை தேவைப்படுவதில்லை. ஸ்வர்ணலதா பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜரத்தினம் கண்களை மூடினார். அந்த நாணயங்கள் என்றேனும் ஒரு நாள் கடல் தெரியும் வீடாகும் என்பது அவருடைய கனவு. அடையாற்று முகத்துவாரம், உப்புக் காற்று, இரண்டு நாற்காலிகள். அறைக்குள்ளிருந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. வீடு மட்டும் அலைமேல் மெல்ல மெல்ல ஆடியது.

ஒரு மணி நேரத்துக்குப் பின் மீனாட்சி தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு. பழைய ஆப்பை எடுத்துட்டு, கருவி செஞ்ச கம்பெனியோட தளத்துலேர்ந்து வேற போட்டாச்சு. வார்த்தைகளும் புதுசு. அதைக் கம்ப்யூட்டர்ல, போன்ல, எங்கேயும் தட்டக் கூடாதாம்."

"நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"வேண்டாம். இனிமே இதை நீங்க தொடவே வேண்டாம்."

புதிய தாளை பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். 'எல்லாம் சரியாயிடுச்சு' என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது; மறுபடியும் கண்ணயர்ந்தார்.

நதீமை வழியனுப்ப அவள் மாடிப்படி வரை வந்தாள். அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

"சார்கிட்ட சொல்லிடுங்க மேடம்," என்றார் தணிந்த குரலில். "அது திருட்டு ஆப். அவர் தட்டின அன்னிக்கே மொத்தத்தையும் வழிச்சிக்கினு போய்ட்டானுங்கோ. பதினெட்டு வருசம் நீங்க டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. இதையா மறைப்பீங்க?"

"அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு இருபது நாள்தான் ஆகுது, நதீம். போலீஸ்ல புகார் நான் கொடுத்துக்கறேன்."

பால்கனியில், தூக்கத்திலும் புன்னகை கலையாமல் கிடந்த கணவரை அவள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னாடி யாராவது கேட்டா, அந்த வார்த்தைகளைத் தட்டி ஏமாந்தது நான்னு சொல்லுங்க."