டுப்ளாக் இனிமே நம்ம ஆளு

"டேய், டுப்ளாக் நம்ம டீமுக்கு வந்துட்டான்டா!"

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பேஸ்மென்ட் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான் பத்மநாபன். அவன் வீடுதான் அது, அமெரிக்காவில், எடிசனில். சனிக்கிழமை மத்தியானம். டிவியில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி இருந்தது.

"எந்த டுப்ளாக்? அந்தக் கட்டையில போறவனா?" என்றான் ரங்கா.

"அவனேதான். இப்பதான் டிரேட் பண்ணி நம்ம டீமுக்கு வாங்கியிருக்காங்க."

சேனாபதி கையிலிருந்த வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மயில்சாமி மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அவர்களைப் பார்த்துத்தான் அவன் முடிவு செய்யவேண்டும்.

ஐஸ் ஹாக்கியில் அணிக்கு ஒருத்தன் இப்படி இருப்பான். கோல் போடுவது அவன் வேலை இல்லை. நம் ஆளை எவனாவது இடித்துத் தள்ளினால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் அவனை நாலு சாத்து சாத்தவேண்டும். அவ்வளவுதான். டுப்ளாக் அதில் பெரிய கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எதிர் அணியில் இருந்தபோது, இவர்களுடைய கேப்டனின் தாடையையே உடைத்தவன். ஆறு வாரம் ஸ்ட்ரா போட்டுத்தான் அந்த மனுஷன் சாப்பிட்டானாம். அந்தக் கடுப்பில் சேனாபதி டுப்ளாக்கின் படத்தை பிரிண்ட் எடுத்து அம்பு எறிந்து விளையாடும் டார்ட் போர்டில் ஒட்டிவைத்தான். முகமெல்லாம் ஓட்டையாக அது இன்னும் அங்கேதான் இருந்தது.

மயில்சாமிக்கு இதெல்லாம் கேள்வி ஞானம்தான்.

இந்த பேஸ்மென்ட்டுக்கு அவன் வருவது இது இரண்டாவது சீசன். "போயிட்டு வாங்க. நல்ல பசங்க. உங்களுக்கும் இந்த ஊர்ல நாலு பேர் வேணும்ல?" என்று மனைவி ஷ்யாமளாதான் அனுப்பிவைத்தாள். அவனும் யூடியூபைப் பார்த்து விதியெல்லாம் படித்துக்கொண்டான். வாரம் தவறாமல் ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து சூடாக மெதுவடை வாங்கி வந்தான்.

"தாங்க்ஸ் சார்" என்பார்கள்.

அவர்களுக்குள் வாயைத் திறந்தால் டா போட்டுத்தான் பேச்சு. குடுமிப்பிடி சண்டை நடக்கும். ரங்கா ஒருமுறை சேனாபதியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். மயில்சாமி எதையாவது சொன்னால் மட்டும் மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். ஒருநாளும் அவனோடு யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

"நம்ம பசங்களை இனிமே எவன்டா தொடுவான்?" என்றான் பத்மநாபன்.

"அவன் நம்ம கேப்டனை என்ன பண்ணினான்னு மறந்துபோச்சா உனக்கு?" என்றான் சேனாபதி.

"அது அப்போ. இப்ப நம்ம ஆளு."

"நம்ம ஆளுதான், இல்லேங்கல..." என்று இழுத்த ரங்கா எழுந்து போய், டார்ட் போர்டிலிருந்து படத்தைப் பிய்த்தான். தொடையில் வைத்து நீவினான். டிவிக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினான்.

"பாவம்டா. ரெண்டு கண்ணையும் நோண்டி வெச்சிருக்கே."

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மூக்கோட விட்டிருப்பேன்," என்றான் சேனாபதி.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மயில்சாமி கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நிமிஷம். தாடையை உடைத்தவனுக்கே 'நம்ம ஆளு' ஆகப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. மயில்சாமி யார் தாடையையும் உடைத்ததில்லை.

"கேப்டனுக்குத்தான் கஷ்டமா இருக்கும், இல்லீங்களா?" என்றான். "அவனும் இவனும் ஒரே டிரெஸ்ஸிங் ரூம்ல உக்காரணுமே."

சிரிப்பு நின்றது.

"நல்ல பாயின்ட் சார்," என்றான் ரங்கா.

பேச்சு அதோடு முடிந்தது.

அதற்குள் பத்மநாபன் லேப்டாப்பைத் திறந்திருந்தான். "ஜெர்சி விற்பனைக்கு விட்டுட்டாங்கடா! டுப்ளாக், நம்பர் இருபத்தேழு. நம்ம எல்லாருக்கும் போட்டுடறேன்."

அவன் யாரிடமும் அளவு கேட்கவில்லை. வாய் அது பாட்டுக்குச் சொல்ல, விரல் அது பாட்டுக்குத் தட்டியது.

"ரங்காவுக்கு எக்ஸ்எல். அந்தத் தொப்பைக்குத் தனியா இன்னொண்ணு வாங்கணும்."

"டேய்!"

"சேனாவுக்கு லார்ஜ். எனக்கு லார்ஜ். அப்புறம் ஒரு மீடியம்..."

விரல் நின்றது.

ரங்கா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினான். கார் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சேனாபதி கோக் டப்பாவுக்குள் எதையோ தேடினான்.

அந்த மீடியம் யாருடையது என்று மயில்சாமிக்குத் தெரியும். ஷ்யாமளாவின் வீட்டு மாடி அலமாரியில் அந்த அளவில் பதினொரு சட்டைகள் இஸ்திரி போட்டபடி தொங்குகின்றன. முதல் கணவன் முகுந்தன் இறந்து மூன்று வருஷம் ஆகியும் அவள் அவற்றை எடுக்கவில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மயில்சாமியும் எடுக்கச் சொன்னதில்லை. அவளுடைய முதல் கல்யாண ஆல்பத்தையும் ஒருமுறை புரட்டியிருக்கிறான். மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பது இந்த மூன்று பேரும்தான்.

"சாரி சார். கைப்பழக்கம்," என்றான் பத்மநாபன். "உங்க சைஸ் என்ன?"

ஆறடி இரண்டங்குலம் மயில்சாமி. டபுள் எக்ஸ்எல் போட்டாலே தோளில் இறுக்கும்.

"மீடியமே போடுங்க," என்றான். "எனக்குச் சரியா இருக்கும்."

பத்மநாபன் அவனுடைய தோளை ஒருதரம் பார்த்தான். "சரி சார்," என்றான்.