குதிகால் சோப்பு

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில் பிளாஸ்டிக் டப்பு நிறைய வெந்நீர் ஆவி விடுகிறது. தொட்டியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய மயிலம்மாள் அதில் கால்களை நனைத்தபடி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் சுபலட்சுமி தரையில் அமர்ந்து, அம்மாவின் வலது காலை மடியில் ஏந்திச் சோப்புத் தேய்க்கிறாள். வாழைத்தோட்டத்துச் சேற்றில் பாளம் பாளமாக வெடித்த குதிகால் அது. பொங்கலன்று அந்த வெடிப்பில் ரத்தம் கசிந்ததைப் பார்த்துவிட்டு, சுபலட்சுமி வேப்பெண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலும் மஞ்சளும் அரிசி ரவையும் சேர்த்துக் காய்ச்சி, தயிர் டப்பாவில் ஊற்றி, சோடாவின் காரம் அடங்க நாற்பது நாள் பரணில் காயவைத்த சோப்பு. தோட்டத்தில் பாதி உனக்குத்தான் என்று அம்மா சொன்னதும் அதே பொங்கலன்றுதான்.

“அதை இப்படிக் குடு, கைக்கும் போட்டுக்கறேன்.”

“காலுக்குச் செஞ்சதும்மா. கைக்குச் சொரசொரன்னு இருக்கும்.”

“இருக்கட்டும்.”

முந்தானை மறைவில் மயிலம்மாள் எதையோ அழுத்தித் தேய்க்கிறாள். முந்தானை நழுவ, தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் அவளுடைய இடது கட்டைவிரலில் விழுகிறது. நுரைக்கு நடுவே ஊதா மை, ரேகைகூடத் தெரிகிறது.

“எதுலம்மா கைநாட்டு வச்ச?”

குழாய் சொட்டுகிறது.

“உன் தம்பிதான் நேத்து ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனான். தோட்டம் மொத்தமும் அவன் பேர்ல இருக்கட்டும்னான். அக்கா ஒண்ணும் நெனச்சுக்காதுன்னான்.”

சுபலட்சுமி மடியிலிருந்த காலைத் தண்ணீரில் இறக்கி விடுகிறாள். நுரை பிரிந்து டப்பின் ஓரத்தில் ஒதுங்குகிறது. மயிலம்மாள் இடது காலைத் தூக்கி மகளின் மடியில் வைக்கிறாள்.

“இது இன்னும் பாக்கி இருக்கே, சுபா.”