ஆண்டியப்பனின் குளியல்

"மனுசன் மூஞ்சி கழுவவே தண்ணி இல்ல, இதுக்குக் குளியல் ஒரு கேடா?"

விஜயராணி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவள் புருசன் சாமிக்கண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் பேசினில் அரை வாளித் தண்ணீரை ஊற்றி, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று முழங்கையை விட்டுப் பார்த்து, ஆமையை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே இறக்கினான்.

"இறங்குங்க ஆண்டியப்பன், மெதுவா இறங்குங்க."

"கட்டின பொண்டாட்டிக்கு வாடி, போடி. ஆமைக்கு மட்டும் வாங்க, போங்களா?"

"வயசானவருடி. மரியாதை வேணாமா?"

அணை வறண்டு, மலாக்கா முழுக்கக் குழாய் காய்ந்து இரண்டு மாதமாகிறது. இவர்கள் தாமான் குடியிருப்புக்கு லோரியில்தான் தண்ணீர். துணி அலசிய தண்ணீரில் வீட்டைத் துடைத்து, துடைத்த தண்ணீரைக் கக்கூசுக்கு ஊற்றிக் குடித்தனம் நடத்துகிறாள் விஜயராணி. பிள்ளைகள் இரண்டும் ஒரே பள்ளிச் சீருடையை மூன்று நாள் போட்டுக்கொண்டு போகிறார்கள். இந்த மனுசனோ, தோட்டத்தில் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது தூக்கி வந்த ஆமைக்கு நாள் தவறாமல் குளியல் நடத்துகிறான். வயிறு எரியுமா, எரியாதா?

"இது காட்டாமைடி. நம்மள மாதிரி டம்ளர்ல குடிக்காது. தாடை வரைக்கும் தண்ணியில இருபது நிமிசம் உக்காந்தாத்தான் வயிறு நெறய குடிக்கும். இல்லன்னா உள்ள கல்லு கட்டிக்கும்."

"குடிக்குதோ இல்லியோ, அதுலயே வெளிக்கும் போகுதே, அதப் பாத்தீங்களா?"

"அதுவும் போகணும்ல."

விஜயராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"போதும்லா! இன்னிக்கு என் தம்பி ராமையா வேன் எடுத்துட்டு வர்றான். கோலா சுங்கை பாருவுல அவன் வீட்டுல கிணறு இருக்கு. அங்க போய் நாள் பூராவும் குளிக்கட்டும் உங்க ஆண்டியப்பன்!"

சாமிக்கண்ணுவின் முகம் வாடிப்போனது. "வேணாம்டி. அவரு யாரு பங்குலயும் கை வைக்கல. சொன்னாக் கேளு."

"ஆமா, அவரு சம்பாரிச்சுக் கொண்டாந்த தண்ணி பாருங்க!"

அதற்குள் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. செங் ஊர் ஃபேக்டரியில் ஞாயிற்றுக்கிழமையும் பகலில் ஓ.டி. போட்டிருந்தார்கள். சாமிக்கண்ணு வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"லோரி வந்தா நீ போகாத. நான் வந்து பாத்துக்குறேன்."

"நீங்க வர்ற வரைக்கும் லோரி நிக்குமாக்கும்? போங்க போங்க."

மற்ற நாட்களில் லோரி வரும்போது அவள் தெங்கேராவில் துணிக்கடை வேலையில் இருப்பாள். தண்ணீர் பிடிப்பது நைட் ஷிப்ட்காரனான சாமிக்கண்ணுவின் பொறுப்பு. இன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வரிசைக்குப் போகவேண்டி வந்தது.

மத்தியானம் ராமையா வந்து, ஆமையை அட்டைப் பெட்டியில் வைத்து வேனில் ஏற்றும்போதே லோரியும் வந்துவிட்டது. விஜயராணி வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டு முனியாயி. லோரியோடு வந்த நாகமுத்து லிஸ்ட்டைப் பார்த்து, "தலைக்கு ரெண்டு வாளிக்கா. உங்க வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டார். முனியாயி தன் தங்கச்சியையும் சேர்த்துச் சொன்னாள்.

விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா அநியாயம்? ஒங்க தங்கச்சி போன வாரமே ஜொகூருக்குப் போயிட்டா. இல்லாத ஆளுக்குத் தண்ணியா? ஏமாத்திப் பிடிச்ச தண்ணி தொண்டையில எறங்குமா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. முனியாயி முகம் சுண்டிப்போய் ஒதுங்கி நின்றாள். நாகமுத்து தங்கச்சி பெயரை அடித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

"பதினேழாம் நம்பர் வீடு. சாமிக்கண்ணு, விஜயராணி, தேவமலர், கலைமகள். அப்புறம் சாமிக்கண்ணுவோட அப்பா ஆண்டியப்பன், வயசு எண்பத்தி மூணு. அஞ்சு பேரு, பத்து வாளி."

ஆண்டியப்பனா? விஜயராணியின் மாமனார் வீராசாமி செத்துப் பதினாறு வருசமாகிறது.

"பெரியவரு இருக்காராக்கா? ஆளு இல்லன்னா பேர அடிச்சிடச் சொல்லியிருக்காங்க," என்று நாகமுத்து பேனாவைத் தூக்கினார்.

இரண்டு வாளி. குளியலுக்கு அரை வாளி போனால் வீட்டுக்கு ஒன்றரை வாளி. தினம் தினம்! முதுகில் முனியாயியின் பார்வை குத்தியது. எதிரே ராமையாவின் வேன் மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

விஜயராணி வாளிகளை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிக் கத்தினாள்:

"டேய் ராமையா, நிறுத்துடா வேன! மாமாவப் பதனமா எறக்கி வீட்டுக்குள்ள கொண்டு போ, அவரு குளிக்கிற நேரமாச்சு!"