பக்கத்துக் கட்டில்

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்ததும், வலி தெரியாமல் இருக்கத் தொம்மைக்கு முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். ஒரு நாளில் உணர்ச்சி திரும்பிவிடும் என்றார் டாக்டர். நர்ஸ் ஷம்ஸியா மணிக்கொரு தரம் அவர் உடம்பில் ஐஸ்கட்டி வைத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, குளிருதா?"

"இல்ல தாயி."

மூன்றாம் நாளும் காலில் குளிரவில்லை. கழுத்திலும் நெற்றியிலும்கூடக் குளிரவில்லை. ஷம்ஸியா ஐஸ்கட்டியைப் பக்கத்துக் காலிக் கட்டிலில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"இப்ப குளிருது," என்றார் தொம்மை.

அவர் மனைவி தெரசா கட்டியை எடுத்தாள். குளிரவில்லை என்றார். மறுபடி அதே கட்டிலில் வைத்தாள். குளிருது என்றார்.

சாயங்காலம் அந்தக் கட்டிலில் புது நோயாளி ஒருவரைக் கிடத்தினார்கள்.

"தெரசா, மூச்சு முட்டுதே," என்றார் தொம்மை. "ஆரு எம்மேல படுக்கான்?"